இருபத்தேழு அங்கணமும் ஒரு வெட்டும்

திருப்பதியில் வீட்டுமனை விலை பேசுவது அங்கணக் கணக்கில். அங்கே ஓர் அங்கணம் என்றால் 36 சதுர அடி, அதாவது ஆறடிக்கு ஆறடி. (நெல்லூர்ப் பக்கம் போனால் அதே பெயருக்கு அளவு வேறு, அது தனித் தகராறு.) மனை நீள்சதுரமாக இருந்தால் ஒரு பெருக்கலோடு பேச்சு முடிந்துவிடும். முன்பக்கம் 24 அடி, பின்பக்கம் 30 அடி, நேர் ஆழம் 36 அடி, இரு பக்கச் சுவர்களும் ஒரே மாதிரி சாய்ந்து பின்னால் விரிகின்றன என்றால்? அது எத்தனை அங்கணம்?

மனைத் தரகர் தயங்கமாட்டார். 24-ஐயும் 30-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 27. அதை 36-ஆல் பெருக்கினால் 972 சதுர அடி. சரியாக 27 அங்கணம். விடை சரிதான். ஆனால் ஏன் சரி என்று கேட்டால், "எப்பவும் இப்படித்தான் போடுவோம்" என்பதற்கு மேல் பதில் வருவது அரிது. எப்போதும் அப்படிப் போடலாமா என்றால், கூடாது. நான்கு பக்கமும் கோணலான மனையில் எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கினால் இருப்பதைவிட அதிகமான பரப்பு வரும். வாங்குகிறவர் இல்லாத நிலத்துக்குப் பணம் கொடுப்பார். 628-இல் எழுதிய பிரம்மகுப்தர் அந்தச் சூத்திரத்தைத் தோராயக் கணக்கு என்று பிரித்தே வைத்தார். ஓர் இடத்தில் சரியாகவும் இன்னோர் இடத்தில் தப்பாகவும் வரும் வழியை நம்ப வேண்டுமானால், அது எங்கே, ஏன் செல்லும் என்பது தெரிந்தாக வேண்டும்.

மேலே சொன்ன 24, 30, 36 மனைக்காக இட்டுக்கட்டிய எண்கள் அல்ல. சோம யாகத்துக்கு அமைக்கும் மகாவேதி என்ற சரிவக வடிவ மேடையின் அளவுகள் அவை: கிழக்குப் பக்கம் 24 பதம், மேற்குப் பக்கம் 30 பதம், கிழக்கு மேற்காக நீளம் 36 பதம். பதம் என்பது காலடியை ஒட்டிய அளவு. இதன் பரப்பு ஆயிரத்துக்கு 28 குறைவு என்று ஆபஸ்தம்ப சுல்ப சூத்திரம் சொல்கிறது. 972. அதோடு நிற்காமல், அது ஏன் என்றும் சொல்கிறது.

சுல்ப சூத்திரங்கள் யாக மேடைகளைக் கயிறும் முளையும் கொண்டு தரையில் அளந்து வரைவதற்கான கையேடுகள். போதாயனர், ஆபஸ்தம்பர், காத்யாயனர், மானவர் பெயர்களில் உள்ளவை முக்கியமானவை. காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே பல நூற்றாண்டு வித்தியாசம் உண்டு. எல்லாம் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை, போதாயனம் பழையது என்பதில் பொதுவாக ஒத்துப்போகிறார்கள். ஆபஸ்தம்ப மரபின் தாயகம் ஆந்திர தேசம் என்று 19-ஆம் நூற்றாண்டில் கியோர்க் ப்யூலர் வாதிட்டார். பல்லவர் செப்பேடுகளில் தானம் பெற்றவர்களின் சூத்திரமாக ஆபஸ்தம்பம் திரும்பத் திரும்ப வருகிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் வடதமிழ்நாட்டிலும் அந்தச் சூத்திரத்தைச் சேர்ந்த குடும்பங்கள் இன்றும் ஏராளம். பெரியவர்களை வணங்கி அபிவாதனம் சொல்லும்போது கோத்திரத்தோடு ஆபஸ்தம்பர் பெயரையும் சொல்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு வடிவியல் நிரூபணம் இருக்கிறது என்பது சொல்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

நிரூபணம் இதுதான். மேடையின் நடுவே கிழக்கு மேற்காக ஓர் அச்சுக் கோடு போகிறது. கிழக்குப் பக்கம் அந்த அச்சுக்குத் தெற்கே 12, வடக்கே 12. மேற்குப் பக்கம் தெற்கே 15, வடக்கே 15. இப்போது தென்கிழக்கு மூலையிலிருந்து அச்சுக்கு இணையாக மேற்கு நோக்கி ஒரு கோடு இழுத்து, மேற்குப் பக்கத்தில் அச்சிலிருந்து 12-ஆம் பதத்தில் இறக்க வேண்டும். தெற்கு ஓரத்தில் ஒல்லியான செங்கோண முக்கோணம் ஒன்று தனியாகும்: மேற்கு முனையில் 3 பதம் அகலம், கிழக்கு முனையில் ஒன்றுமில்லை. அதை எடுத்துக் குப்புறத் திருப்பி வடக்கு ஓரத்தில் வைத்தால், 3 பதம் அகலமான முனை கிழக்கே வந்துவிடும். வடக்கே கிழக்கு முனையில் 12-உம் 3-உம் சேர்ந்து 15. மேற்கு முனையில் ஏற்கெனவே 15. சரிவகம் போய் 27-க்கு 36 செவ்வகம் நிற்கிறது. இந்த வடிவத்தில் வைத்து எண்ணிக்கொள் என்று சூத்திரம் முடிகிறது.

தரகரின் சராசரி எங்கிருந்து வருகிறது என்பது இப்போது கண்ணுக்கே தெரிகிறது. ஒரு பக்கம் மிகுதியாக இருந்ததை வெட்டி, குறையாக இருந்த பக்கத்தில் வைத்தோம். அதுதான் சராசரி. கோணல் மனையில் அது ஏன் செல்லாது என்பதும் விளங்கும்: அங்கே வெட்டிய துண்டு போய் உட்கார அளவான இடம் இல்லை.

பழைய இந்தியக் கணிதத்தில் விடைகள்தான் உண்டு, நிரூபணங்கள் இல்லை என்று நெடுங்காலம் ஒரு பேச்சு இருந்தது. இந்த ஒரு சூத்திரமே அதற்குப் போதுமான மறுப்பு. இதை வைத்துக்கொண்டு ஆபஸ்தம்பருக்கு எல்லா வடிவியலும் தெரியும் என்று மார்தட்டவும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட மேடைக்கு, ஒரு குறிப்பிட்ட வெட்டு. அது பிசகில்லாத வெட்டு.

பிசகில்லை என்பது எப்படித் தெரியும்? இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். வெட்டி ஒட்டும் விளையாட்டில் கண் ஏமாறுவது மிக எளிது. 8-க்கு 8 கட்டமுள்ள ஒரு சதுரத்தை நான்கு துண்டாக்கலாம்: 3-க்கு 8 அளவுள்ள இரண்டு செங்கோண முக்கோணங்கள், இணைப்பக்கங்கள் 3-உம் 5-உம், உயரம் 5-உம் உள்ள இரண்டு சரிவகங்கள். மொத்தம் 64 கட்டம். அதே நான்கு துண்டுகளையும் மாற்றி அடுக்கினால் 5-க்கு 13 செவ்வகம் வந்துவிடும். அது 65 கட்டம்! 1868-இல் ஜெர்மன் கணித இதழொன்றில் அச்சான புதிர் இது. பள்ளிக்கூடங்களில் இன்றும் பிள்ளைகளை வாயடைக்க வைக்கிறது. கூடுதல் கட்டம் எங்கிருந்து வந்தது? முக்கோணத்தின் சாய்வு 8-க்கு 3, சரிவகத்தின் சாய்வு 5-க்கு 2. தசமத்தில் 0.375-உம் 0.4-உம். வித்தியாசம் மிகச் சிறியது. கத்தரிக்கோல் தடிமனில் மறைந்துவிடும். செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் நூல்போல நீண்ட ஓர் இடைவெளி கிடக்கிறது. அதன் பரப்பு சரியாக ஒரு கட்டம்.

ஆகவே துண்டுகள் பொருந்துவதுபோலத் தெரிவது போதாது. பொருந்தியே ஆக வேண்டும் என்று காட்ட வேண்டும். மகாவேதியில் இரு ஓரங்களும் அச்சுக்குச் சமச்சீராக, ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் இருக்கின்றன. தெற்கிலிருந்து எடுத்த முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு வடக்குச் சாய்வோரத்தில் நூலிழை இடைவெளியும் இல்லாமல் படியும். அந்தச் சமச்சீரை மேடை வரையும் முறையே உறுதி செய்கிறது. 36 பத இடைவெளியில் இரண்டு முளைகளை அடித்து, 54 பதக் கயிற்றின் இரு நுனிகளையும் அவற்றில் கட்டி, 15-ஆம் பதத்தில் போட்ட குறியைப் பிடித்து இழுத்தால் 15, 36, 39 பக்கமுள்ள முக்கோணம் விழும். 15-இன் வர்க்கமும் 36-இன் வர்க்கமும் சேர்ந்தால் 1521. 39-இன் வர்க்கமும் அதுவே. செங்கோணம் தானாக அமைகிறது. அதே கயிற்றைத் தெற்கே ஒருமுறை, வடக்கே ஒருமுறை இழுத்தால் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்.

இதெல்லாம் செவிவழிக் கதையாக வந்தது அல்ல. சுல்ப சூத்திரங்களைப் பற்றி ஜார்ஜ் தீபோ 1875-இல் கல்கத்தா ஆசியக் கழக இதழில் விரிவாக எழுதினார். ஆபஸ்தம்ப சுல்பம் கபர்திஸ்வாமி, கரவிந்தஸ்வாமி, சுந்தரராஜர் ஆகியோரின் உரைகளோடு 1931-இல் மைசூரில் பதிப்பிக்கப்பட்டது. சென், பாக் இருவரின் பதிப்பு 1983-இல் வந்தது. சூத்திரம் சுருக்கமானது, எந்த மூலையிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு என்று படம்போல விளக்குவது உரைகள்தாம்.

மகாவேதி ஒரு தொடக்கம் மட்டுமே. அக்னிசயனம் என்ற யாகத்தில் செங்கல் அடுக்கிக் கட்டும் மேடைகளுக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. பருந்து, ஆமை, தேர்ச்சக்கரம், முக்கோணம், சாய்சதுரம் என வடிவம் எதுவானாலும் பரப்பு ஏழரைச் சதுர புருஷமாகவே இருக்க வேண்டும். புருஷம் என்பது யாகம் செய்விப்பவர் கையை உயர்த்தி நிற்கும் உயரம். வடிவம் மாறலாம், பரப்பு மாறக்கூடாது: வெட்டி ஒட்டும் புதிர்களின் விதியும் இதேதான். போதாயனரின் தேர்ச்சக்கரம் அழகான உதாரணம். 225 சதுரச் செங்கலில் தொடங்கி, மேலும் 64 சேர்த்து 17-க்கு 17 சதுரமாக 289 ஆக்குகிறார். நடுவில் 16 செங்கல் குடம், 64 ஆரங்கள், 64 ஆரங்களுக்கிடையே வெற்றிடம், 145 விளிம்பு. வெற்றிடத்தைக் கழித்தால் மறுபடி 225. 1975 ஏப்ரலில் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் நடத்திய அதிராத்திரம் என்ற அக்னிசயன யாகத்தில் பறவை வடிவ மேடை ஐந்து அடுக்காக எழுந்தது. ஃப்ரிட்ஸ் ஸ்டால் அதைப் படமெடுத்து ஆவணமாக்கினார்.

இங்கே ஒரு பெரிய கேள்வி காத்திருக்கிறது. சமப் பரப்புள்ள எந்த இரண்டு வடிவங்களை எடுத்தாலும், ஒன்றை நேர்கோட்டில் சில துண்டுகளாக வெட்டி மற்றொன்றாக அடுக்க முடியுமா? அப்படி முடிகிற இரண்டு வடிவங்களை இந்தக் கட்டுரையில் 'வெட்டுச்சமம்' உள்ளவை என்று அழைப்போம். நேர்கோட்டு எல்லை கொண்ட பலகோணங்களுக்கு விடை: எப்போதும் முடியும். ஸ்காட்லாந்தின் வில்லியம் வாலஸ் (1807), ஹங்கேரியின் ஃபர்கஷ் போயாய், பிரஷ்ய ராணுவ அதிகாரி பால் கெர்வின் (1833) ஆகிய மூவரின் பெயரையும் இந்தத் தேற்றம் தாங்குகிறது.

நிரூபணத்துக்குச் சமன்பாடே வேண்டாம்; ஒரு தாளும் கத்தரியும் போதும். எந்தப் பலகோணத்தையும் முதலில் முக்கோணங்களாக நறுக்கலாம். ஒவ்வொரு முக்கோணத்தையும் செவ்வகமாக்க வேண்டும்: மிக நீண்ட பக்கத்தை அடியாக வைத்து, பாதி உயரத்தில் குறுக்கே வெட்டி, மேலே வந்த சிறு முக்கோணத்தை உச்சியிலிருந்து செங்குத்தாக இரண்டாக்கி, இரண்டு துண்டையும் ஆளுக்கொரு பக்கமாகத் திருப்பி வைத்தால் செவ்வகம். ஆபஸ்தம்பரின் திருப்புதலுக்கு இது நெருங்கிய உறவு.

அடுத்து அந்தச் செவ்வகங்களை எல்லாம் ஒரே அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு செவ்வகத்தை வேறு அகலமுள்ள செவ்வகமாக்க அழகான வழி உண்டு. 27-க்கு 36 செவ்வகத்தைச் சதுரமாக்குவதாக வைத்துக்கொள்வோம். சதுரத்தின் பக்கம் ஏறக்குறைய 31.18. இரண்டையும் ஒரு மூலை பொருந்த ஒன்றின்மேல் ஒன்று வைத்து, உயரமான சதுரத்தின் மேல்மூலையிலிருந்து நீளமான செவ்வகத்தின் எதிர்க் கீழ்மூலைக்கு ஒரு சாய்கோடு. அந்தக் கோட்டின் வழியே செவ்வகத்தை வெட்டி, மேல்துண்டைச் சாய்வின்மேல் சறுக்கி ஏற்றி, சதுரத்துக்கு வெளியே துருத்தும் சிறு முக்கோணத்தை அறுத்து மேல்மூலைக் குழியில் பொருத்தினால் ஆயிற்று. மூன்றே துண்டு. செவ்வகம் மிக நீளமாக இருந்தால், முதலில் பாதியாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளலாம்.

இப்படிச் செய்தால் எந்தப் பலகோணமும் கடைசியில் ஓரடி அகலமுள்ள ஒரு பட்டையாகிவிடும். திருப்பதி மனை 972 அடி நீளப் பட்டையாகும். அதே பரப்புள்ள வேறெந்தப் பலகோணமும் அதே 972 அடிப் பட்டைதான். மனையிலிருந்து பட்டைக்குப் போக ஒரு வகை வெட்டுக்கள். பட்டையிலிருந்து இன்னொரு வடிவத்துக்குப் போக வேறு வகை வெட்டுக்கள். இரண்டையும் ஒரே வெட்டாக எப்படிச் சேர்ப்பது?

அதற்குச் சித்தூர் மாவட்ட வரைபடத்தைப் பார்க்கலாம். 1911 ஏப்ரல் 1-இல் அந்த மாவட்டம் பிறந்தபோது, வடஆர்க்காட்டிலிருந்து சித்தூர், சந்திரகிரி போன்ற தாலுகாக்களும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி முதலியனவும் வந்து சேர்ந்தன. 1960-இல் மாநில எல்லை பற்றிய படாஸ்கர் தீர்ப்புப்படி திருத்தணி தமிழகத்துக்குப் போனது. செங்கல்பட்டிலிருந்து சத்தியவேடு பக்கம் ஆந்திரத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4-இல் மாவட்டம் மறுபடி பிரிந்து, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. பழைய எல்லைகளையும் புதிய எல்லைகளையும் ஒரே வரைபடத்தின்மேல் சேர்த்து வரைந்தால் நிலம் சிறு துண்டுகளாகும். ஒவ்வொரு துண்டும் முழுமையாக ஒரே பழைய மாவட்டத்துக்குள்ளும், முழுமையாக ஒரே புதிய மாவட்டத்துக்குள்ளும் இருக்கும். அந்தத் துண்டுகளை ஒருவிதமாகச் சேர்த்தால் பழைய பிரிவினை, வேறுவிதமாகச் சேர்த்தால் புதிய பிரிவினை. பட்டையிலும் அதையேதான் செய்கிறோம்: இருவகை வெட்டுக் கோடுகளையும் அதன்மேல் ஒருசேர இழுத்துவிட்டால், கிடைக்கும் துண்டுகள் இரண்டு வடிவத்தையும் கட்டும். தேற்றம் முடிந்தது.

மதனப்பள்ளி பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு செய்தி. அதன் அருகே உள்ள ரிஷி வேலி பள்ளியின் சமூகக் கணித மையமும் அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2012 முதல் 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' என்ற கணித இதழைப் பள்ளி ஆசிரியர்களுக்காக நடத்தி வந்தன. காகிதம் மடித்தும் வெட்டியும் வடிவியலைக் கற்பிக்கும் கட்டுரைகள் அதில் நிறைய உண்டு. ஆபஸ்தம்பரின் வெட்டு ஏழாம் வகுப்புக் குழந்தை ஒரு நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடியது. சரிவகச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியருக்கு, அதைவிடக் குறைந்த நேரத்தில் அதன் காரணத்தையே காட்டிவிட முடியும்.

வட்டம் வந்தால் கதை மாறுகிறது. வட்டத்தைக் கூம்பிய கீற்றுகளாக வெட்டி எதிரெதிராகக் கோத்துச் செவ்வகம்போல ஆக்கும் வழியை 16-ஆம் நூற்றாண்டுக் கேரளத்தில் ஜ்யேஷ்டதேவர் எழுதிய 'யுக்திபாஷா' விளக்குகிறது. ஆனால் கீற்றுகள் முடிவில்லாமல் சிறுக வேண்டும். எண்ணி முடிக்கக்கூடிய கத்தரிவெட்டுக்களால் வட்டத்தைச் சதுரமாக்க முடியாது என்று 1963-இல் டூபின்ஸ், ஹிர்ஷ், கருஷ் மூவரும் நிறுவினார்கள். கத்தரியால் வெட்டவே முடியாத, தூசுபோலச் சிதறிய துண்டுகளை அனுமதித்தால் முடியும் என்று 1990-இல் மிக்லோஷ் லாட்ஸ்கோவிச் காட்டினார். அவர் மதிப்பிட்ட துண்டுகளின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின் 50 சுழி. அது கைக்கு எட்டும் புதிர் அல்ல.

உண்மையான அதிர்ச்சி கனவடிவங்களில். சமக் கனஅளவுள்ள இரண்டு திண்மங்கள் எப்போதும் வெட்டுச்சமமா? 1900-இல் பாரிஸ் மாநாட்டை ஒட்டி டேவிட் ஹில்பர்ட் தொகுத்த 23 கேள்விகளில் மூன்றாவது இதை ஒட்டியது. அதே ஆண்டில் அவர் மாணவர் மாக்ஸ் டேன் விடை சொன்னார்: இல்லை. ஒழுங்கான நான்முகியை, அதாவது நான்கு சமபக்க முக்கோணங்களால் மூடிய திண்மத்தை, எத்தனை துண்டாக வெட்டினாலும் கனசதுரமாக அடுக்க முடியாது.

'முடியாது' என்பதை எப்படி நிறுவுவது? எல்லா வெட்டுக்களையும் முயன்று பார்க்க ஆயுள் போதாது. டேன் வேறு வழி கண்டார். ஒரு திண்மத்தின் ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு தகவல் உண்டு: அதன் நீளம், அங்கே சந்திக்கும் இரு முகங்களுக்கு இடையேயான கோணம். இரண்டையும் சேர்த்து ஒரு பட்டியல் போட வேண்டும். 180 பாகையின் முழு மடங்குகளையோ பின்ன மடங்குகளையோ கணக்கில் எடுக்கக்கூடாது என்பது விதி. திண்மத்தை வெட்டும்போது புதிதாகத் தோன்றும் விளிம்புகளின் கோணங்கள் ஒன்று சேர்ந்து 180 அல்லது 360 பாகையாகும். அவை விதிப்படி அடிபட்டுப் போகும். பழைய விளிம்பு இரண்டாகப் பிளந்தால் அதன் நீளமோ கோணமோ பங்கு பிரியும், மொத்தம் அப்படியே. எனவே எப்படி வெட்டி எப்படி அடுக்கினாலும் பட்டியல் மாறாது. கணிதத்தில் இதுபோல மாறாமல் நிற்பதை மாறிலி என்பார்கள்.

கனசதுரத்தின் கோணங்கள் எல்லாம் 90 பாகை. பட்டியல் வெறுமை. நான்முகியின் கோணம் ஏறக்குறைய 70.53 பாகை. ஒரு விளிம்பைச் சுற்றி ஐந்து நான்முகிகளை நெருக்கி வைத்தால் 7 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி மிஞ்சும். ஐந்து வேண்டாம், ஐம்பது வைத்துப் பல சுற்று சுற்றினாலும், எத்தனை ஆயிரம் வைத்தாலும், முழுச் சுற்றாக முடிவதே இல்லை. அந்தக் கோணம் 180-இன் எந்தப் பின்னமும் அல்ல என்று நிறுவலாம். ஆகவே நான்முகியின் பட்டியல் வெறுமை அல்ல. ஒன்று மற்றொன்றாக முடியாது. கனஅளவும் டேன் பட்டியலும் இரண்டுமே ஒத்தால் வெட்டுச்சமம் உறுதி என்று 1965-இல் சுவிட்சர்லாந்தின் சிட்லர் காட்டி, கணக்கை நேர் செய்தார்.

யாக மேடை கட்டியவர்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்ததே இல்லை என்பது கவனிக்கத் தக்கது. பருந்தானாலும் ஆமையானாலும் அவர்களுடைய மேடைகள் நேராக எழும் சம உயர அடுக்குகள். அத்தகைய திண்மங்களுக்கு டேன் பட்டியல் எப்போதும் வெறுமைதான். தரையில் பரப்பு ஒத்தால் மேலேயும் எல்லாம் ஒத்துப்போகும்.

தளத்தில் 'முடியுமா' என்ற கேள்வி தீர்ந்தாலும் 'எத்தனை துண்டில்' என்பது தீரவில்லை. வாலஸ் வழி துண்டுகளைக் கணக்கில்லாமல் பெருக்கிவிடும். குறைந்த துண்டில் முடிப்பதில்தான் புதிர்க்காரர்களின் கௌரவம். சமபக்க முக்கோணத்தை நான்கே துண்டில் சதுரமாக்கும் புதிரை இங்கிலாந்தின் ஹென்றி டியூடினி 1902-இல் வெளியிட்டார். நான்கு துண்டுகளையும் கீல்களால் பிணைத்துச் சங்கிலிபோல மடித்தால் ஒருபக்கம் முக்கோணம், மறுபக்கம் சதுரம். மரத்தில் செய்த அந்த மாதிரியை 1905-இல் ராயல் சொசைட்டியில் காட்டினார். மூன்று துண்டில் முடியுமா என்ற கேள்வி 120 ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. துண்டுகளைக் குப்புறக் கவிழ்க்காமல் செய்வதானால் முடியாது என்று எரிக் டெமெய்ன், தோனான் கமாதா, ரியூஹெய் உயெஹாரா மூவரும் 2024 டிசம்பரில் நிறுவினார்கள்.

ஒழுங்கான ஐங்கோணத்தை ஆறு துண்டில் சதுரமாக்கும் வழியை ராபர்ட் ப்ரோடி 1891-இல் கண்டார். அதை ஐந்தாகக் குறைத்தவரும் இல்லை. குறைக்க முடியாது என்று நிறுவியவரும் இல்லை.